கோடையில் மண்ணோடு சில வாரம்: வெள்ளையரல்லாத கலைஞர்களுக்கான செராமிக் ரெசிடென்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கோடைக்காலத்தில் நடக்கும் செராமிக் ரெசிடென்சிகள் சிலவற்றில் வெள்ளையரல்லாத கலைஞர்களுக்கென்று தனி அமர்வோ தனி உதவித்தொகையோ வைத்திருக்கிறார்கள். நான் அப்படி இரண்டு கோடைகள் போய் வந்தவள். வந்த நாளிலிருந்து நியூ ஜெர்சி, டொராண்டோ, சில சமயம் மதுரையிலிருந்துகூட அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி ஏதாவது ஒன்றை விட்டுவிடுவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

அக்கா, ரெசிடென்சின்னா என்ன? அது ஒரு கோர்ஸா?

கோர்ஸ் இல்லை. பாடம் நடத்த யாரும் வரமாட்டார்கள், தேர்வு, மதிப்பெண் எதுவும் கிடையாது. வேலை செய்ய ஒரு மேசை, சக்கரம், சூளை, பெரும்பாலும் படுக்க ஓர் இடம், கூடவே உங்களைப் போலவே மண்ணில் வேலை செய்கிற பத்துப் பதினைந்து பேர், அவ்வளவுதான் கிடைக்கும். அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு பெரிது என்பது, சமையலறை மேசையில் பிளாஸ்டிக் விரித்து மண் பிசைந்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டு இடங்களை உதாரணமாகச் சொல்கிறேன். மெய்ன் மாநிலத்தில் நியூகாசில் என்ற சின்ன ஊரில் வாட்டர்ஷெட் என்ற மையம் இருக்கிறது. 1986-ல் ஒரு பழைய செங்கல் தொழிற்சாலையில் தொடங்கியது. கோடையில் இரண்டிரண்டு வார அமர்வுகளாக நடத்துகிறார்கள். அங்கே ஒரு கலைஞர் தனக்குப் பிடித்த மற்றவர்களைச் சேர்த்து ஒரு குழுவாகவே விண்ணப்பிக்கும் வழியும் உண்டு, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன். இன்னொன்று மொன்டானாவில் ஹெலனா நகரத்தில் உள்ள ஆர்ச்சி பிரே என்ற மையம். அதுவும் செங்கல் தயாரித்த இடம்தான். 1951-ல் பீட்டர் வோல்கஸ், ரூடி ஆட்டியோ என்ற பெயர்பெற்ற செராமிக் கலைஞர்கள் இருவரும் முதல் ரெசிடென்ட்களாக வேலை செய்த இடம். அங்கே கோடை ரெசிடென்சி மாதக்கணக்கில் போகும். ஆக, "சம்மர் ரெசிடென்சி" என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வாரமும் இருக்கலாம், மூன்று மாதமும் இருக்கலாம். அறிவிப்பில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

"ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆஃப் கலர்"னு போட்டிருக்கே, நாம அதுல வருவோமா? அது கறுப்பினத்தவங்களுக்குன்னு நெனச்சேன்.

வருவோம். கறுப்பினத்தவர், பூர்வகுடிகள், லத்தீன் அமெரிக்கர், ஆசியர், அரபு நாட்டு வம்சாவளியினர் என்று எல்லோரையும் சேர்த்துத்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். தெற்காசியர்களும் அதில் அடக்கம். ஒரு சில உதவித்தொகைகள் மட்டும் கறுப்பினக் கலைஞர்களுக்கோ பூர்வகுடிக் கலைஞர்களுக்கோ என்று குறிப்பாக ஒதுக்கப்பட்டிருக்கும். அது அறிவிப்பிலேயே தெளிவாக இருக்கும், அதில் நாம் கை வைக்கக் கூடாது.

இந்தத் தயக்கம் நம் ஆட்களுக்கு வருவது ஏன் என்று எனக்குப் புரிகிறது. அமெரிக்கா நம்மை என்னவென்று அழைப்பது என்பதிலேயே பல தடவை மாற்றிப் பேசியிருக்கிறது. 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் "வெள்ளையர்" இல்லை, ஆகவே குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் போட்டார்கள். 1980-ல்தான் "ஆசிய இந்தியர்" என்ற கட்டம் வந்தது. இத்தனை குழப்பத்துக்கு நடுவில் உங்களுக்குச் சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை.

எதுக்குத் தனியா ஒண்ணு? திறமை இருந்தா எல்லாரும் ஒரே வரிசையில நிக்கலாமே?

இதை என் சொந்தச் சித்தப்பாவே கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அமெரிக்க மண்பாண்டத்தின் கதையை வெள்ளையர் மட்டும் எழுதவில்லை. தென் கரோலினாவில் எட்ஜ்ஃபீல்டு என்ற பகுதியில் டேவிட் டிரேக் என்று ஓர் அடிமைக் குயவர் இருந்தார். நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஜாடிகளை வனைந்தவர். அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே குற்றம் என்று அந்த மாநிலம் 1834-ல் சட்டம் போட்டது. அதற்குப் பிறகும் அவர் ஈர மண்ணில் தன் பெயரையும் இரண்டு வரிக் கவிதைகளையும் எழுதினார். 1857-ல் ஒரு ஜாடியில், தன் உறவுகளெல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியூ மெக்சிகோவில் சான் இல்டெஃபோன்ஸோ பூர்வகுடிக் கிராமத்து மரியா மார்டினெஸ், சக்கரமும் இல்லாமல் கட்டின சூளையும் இல்லாமல், சாணத்தூள் போட்டு மூடிப் புகையடைத்துச் சுட்டு, கண்ணாடி போல மின்னும் கறுப்புப் பானைகளைச் செய்தார். ஆனால் பல வருடம் வகுப்பறைகளில் இவர்களை "நாட்டுப்புறக் கைவினை" என்று ஓர் ஓரத்தில் வைத்துவிட்டு மற்றவர்களைக் "கலைஞர்கள்" என்று படித்தார்கள்.

அந்த ஓரவஞ்சனை படிப்பில் மட்டும் நின்றுவிடவில்லை. சூளைக்குச் செலவாகும், மண்ணுக்குச் செலவாகும், சம்பளமில்லாமல் இரண்டு மாதம் இருக்க வீட்டில் வசதி வேண்டும், பரிந்துரைக் கடிதம் எழுதித்தர ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவரைத் தெரிந்திருக்க வேண்டும். இதெல்லாம் யாரிடம் அதிகம் இருந்ததோ அவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். 2022-ல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அமெரிக்காவின் சார்பில் சிமோன் லீ காட்சி வைத்தார், அவர் மண்ணில் வேலை செய்பவர், அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். 2022 வரை ஆனதே என்று பாருங்கள். ஒரே வரிசை என்று சித்தப்பா சொன்ன அந்த வரிசையில், சிலர் வாசலில் தொடங்குகிறார்கள், சிலர் தெருக்கோடியில் தொடங்குகிறார்கள்.

எனக்கு ஃபைன் ஆர்ட்ஸ் டிகிரி இல்லை. பகல்ல ஐ.டி. வேலை, வார இறுதியில மட்டும் சக்கரத்துல உக்கார்றேன். அப்ளை பண்ணலாமா?

பண்ணலாம். பல இடங்களில் பட்டம் கேட்பதே இல்லை. அவர்கள் பார்ப்பது, நீங்கள் தனியாக வேலை செய்யத் தெரிந்தவரா என்பதை. மண் பிசைவது, வனைவது, காயவைப்பது, மெருகு (சுட்டால் கண்ணாடிபோல் படியும் பூச்சு, கிளேஸ்) பூசுவது, சூளையில் அடுக்குவது வரை யாரும் கூட நின்று சொல்லாமல் செய்ய முடிய வேண்டும். முடியாது என்றால் இந்த வருடம் ரெசிடென்சியை விட்டுவிட்டு ஒரு கோடை வகுப்புக்குப் போங்கள். மெய்னில் ஹேஸ்டாக், வட கரோலினாவில் பென்லண்ட் போன்ற கைவினைப் பள்ளிகளில் ஒன்று, இரண்டு வார வகுப்புகள் உண்டு, அவற்றுக்கும் உதவித்தொகை தருகிறார்கள்.

மூன்று மாத ரெசிடென்சிக்கு மட்டும் போட்டி வேறு மாதிரி இருக்கும், அங்கே பெரும்பாலும் முதுகலை முடித்தவர்களோடு நிற்பீர்கள். முதல் தடவை என்றால் இரண்டு வாரத்திலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

எப்போ அப்ளை பண்ணணும்? என்னென்ன கேப்பாங்க?

கோடையில் போகவேண்டும் என்றால் அதற்கு முந்தின குளிர்காலத்திலேயே வேலை தொடங்கிவிட வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் பல கடைசித் தேதிகள் வரும். மே மாதம் என்னிடம் "இந்தக் கோடைக்கு எங்கே போகலாம்" என்று கேட்பவர்கள்தான் அதிகம், அப்போது சொல்ல எதுவும் மிச்சமிருக்காது.

பத்து முதல் இருபது படங்கள், உங்கள் வேலையைப் பற்றி ஒரு பக்கம், அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு பத்தி, வாழ்க்கைக் குறிப்பு, இரண்டு பேரின் பரிந்துரை. விண்ணப்பக் கட்டணம் இருக்கும், அதைக் கட்ட முடியாதவர்கள் மின்னஞ்சலில் கேட்டால் பல இடங்களில் தள்ளுபடி செய்கிறார்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம். படங்கள்தான் முக்கியம். தேர்வுக் குழு ஒரு படத்தைச் சில நொடிகள்தான் பார்க்கும். சாம்பல் நிறத் தாளைச் சுவரிலிருந்து மேசைக்கு வளைத்துத் தொங்கவிட்டு, நேர் வெயில் படாத சன்னல் வெளிச்சத்தில், ஒரு படத்துக்கு ஒரு பொருள் என்று எடுங்கள். பூச்செண்டு, மேசைவிரிப்பு, பின்னால் கொலு படிக்கட்டு எதுவும் வேண்டாம். ஒன்றிரண்டு படத்தில் மட்டும் கை தெரிகிற மாதிரி வைத்தால் அளவு புரியும்.

"சப்போர்ட்"னு சொல்றாங்க. முழுக் காசும் அவங்களே தருவாங்களா?

இந்த ஒரு சொல்லை நம்பிப் போய்க் கஷ்டப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். "சப்போர்ட்" என்றால் ஓர் இடத்தில் கட்டணம் பாதி தள்ளுபடி, இன்னோர் இடத்தில் கட்டணம் முழுக்க இலவசம், மற்றோர் இடத்தில் தங்குமிடமும் சாப்பாடும் சேர்ந்து இலவசம், அபூர்வமாகச் சில இடங்களில் இதெல்லாம் போகக் கையில் ஒரு தொகையும் தருவார்கள். நான்கும் ஒரே சொல்தான். எந்தச் சொல்லுக்கு என்ன அடக்கம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் அவர்கள் பட்டியலில் வராத செலவுகள். விமானம், அங்கிருந்து ஊருக்குள் போக வண்டி (நியூகாசிலுக்குப் பக்கத்துப் பெரிய விமான நிலையம் போர்ட்லண்ட், அங்கிருந்து ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும்), மண், சுடுவதற்குச் சூளைக் கட்டணம், செய்ததை வீட்டுக்கு அனுப்பும் செலவு, நீங்கள் இல்லாத நாட்களிலும் ஓடுகிற உங்கள் வீட்டு வாடகை, இழக்கிற சம்பளம். பிரேயில் ஸ்டூடியோ கிடைத்தாலும் தங்குமிடத்தை நாமே ஊரில் தேடிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் கையில் கிடைக்கும் தொகைக்கு வரி உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு ஒரு மையத்தில் எனக்கு முழு உதவித்தொகை என்று கடிதம் வந்தது, அங்கே போன பிறகுதான் சூளைக் கட்டணம் தனி என்று தெரிந்தது, கையில் இருந்ததை வைத்துக்கொண்டு பாதி பொருட்களைச் சுடாமலே உடைத்து மீண்டும் மண்ணாக்கினேன். அன்று அழுதேன். நீங்கள் அந்த நிலைக்கு வரக்கூடாது என்பதால்தான் எழுத்தில் கேளுங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ரெண்டு வாரத்துல எவ்வளவு செய்ய முடியும்? நான் ஒரு முழு செட் பிளான் பண்ணியிருக்கேன்.

பதினான்கு நாள் என்று கணக்குப் போடாதீர்கள். கடைசியிலிருந்து எண்ணுங்கள். பதினான்காம் நாள் பெட்டி கட்டி ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு முதல் நாள் சூளையைத் திறப்பார்கள். மெருகுச் சூளை சுட்டு ஆற இரண்டு நாள், மெருகு பூச ஒரு நாள், முதல் சூட்டுக்கும் ஆறவும் இரண்டு நாள், அதற்கு முன்னால் முழுக்கக் காய இரண்டு நாளாவது வேண்டும். மிச்சம் ஐந்து நாள்தான் கையில் மண் இருக்கும் நாள்.

காய்வதில் அவசரப்படவே கூடாது. உள்ளே ஈரம் இருந்தால் நூறு டிகிரியைத் தாண்டும்போது அது நீராவியாகி வெடிக்கும், வெடித்தால் உங்கள் பொருளோடு பக்கத்தில் இருப்பவரின் பொருளும் போகும். என் முதல் கோடையில் இரண்டு அங்குலத் தடிமனில் ஒரு தலை செய்து அவசரமாகச் சூளையில் வைத்தேன். அது வெடித்துப் பக்கத்தில் இருந்த தோழியின் மூன்று கிண்ணங்களை உடைத்தது. அவள் பெருந்தன்மையாக நடந்துகொண்டாள், எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. கடலோர மெய்னில் கோடை ஈரப்பதம் அதிகம், மெதுவாகக் காயும். ஹெலனா கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் வறண்ட ஊர், அங்கே கைப்பிடி ஒட்டித் திரும்புவதற்குள் விரிசல் விழும், எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கால் சுற்றி வைக்க வேண்டும்.

இன்னொன்று, சூளையின் வெப்பத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சூளை வெப்பத்தைக் கோன் என்ற அளவில் சொல்வார்கள்: கோன் ஆறு என்றால் ஏறக்குறைய 1,230 டிகிரி செல்சியஸ், கோன் பத்து என்றால் 1,300-ஐ ஒட்டி. உங்கள் மண்ணும் மெருகும் அந்த வெப்பத்துக்கு ஏற்றவையாக இல்லாவிட்டால் சூளைத் தட்டில் உருகி ஓடும். முழு செட்டெல்லாம் வீட்டிலேயே செய்யலாம். வீட்டில் முடியாததைச் செய்யத்தான் அங்கே போகிறீர்கள்: விறகுச் சூளை, சுடும்போது உள்ளே சோடா சேர்க்கும் சோடாச் சூளை, ஆள் உயரப் பொருள், ஒரு வருடமாகத் தள்ளிப்போட்ட பரிசோதனை.

சாப்பாடு, பூச்சி, தங்குறது எல்லாம் எப்படி? நான் சுத்த சைவம்.

சைவம் என்று முன்பே எழுதிவிட்டால் பார்த்துக்கொள்வார்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துப் போங்கள், மூன்றாம் நாள் மொத்த மேசையும் அதைக் கேட்கும். மெய்னில் ஜூனில் கறுப்பு ஈயும் கொசுவும் கடிக்கும், புல்வெளியில் உண்ணி உண்டு, அதனால் லைம் நோய் வரலாம், ஆகையால் தினமும் சாயங்காலம் கால்களையும் முழங்கால் மடிப்பையும் பார்த்துவிடுங்கள். ஸ்டூடியோவில் காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கிவிடும், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். நம் ஊரில் பெருக்கியே பழகினவர்களுக்கு இது வரக் கொஞ்சம் நாளாகும்.

என் வேலையில "அடையாளம்" அது இதுன்னு ஒண்ணுமில்லை. நான் கிண்ணம்தான் செய்றேன். அது போதாதா?

போதும். இந்தக் கேள்வி கேட்டவள் பதினெட்டு வயதுப் பெண், கண்ணில் தண்ணீரோடு கேட்டாள், ஏனென்றால் அவளுடைய ஆசிரியர் ஒருவர் "உன் பண்பாடு இதில் எங்கே" என்று கேட்டிருக்கிறார். வெள்ளை மாணவர் ஒருவர் கிண்ணம் செய்தால் அது கிண்ணம், நாம் செய்தால் அதில் கோலமோ மாங்காயோ இருந்தாக வேண்டுமா? ஹவாயில் ஜப்பானியக் குடியேறிகளுக்குப் பிறந்த டோஷிகோ தகாயேசு வாய் மூடிய பானைகளையும் உருண்டைகளையும் செய்துகொண்டே வாழ்ந்தார். லாஸ் ஏஞ்சலஸில் டாயல் லேன் என்ற கறுப்பினக் குயவர் கைக்குள் அடங்கும் குட்டிக் குடுவைகளில் விதவிதமான மெருகைப் பரிசோதித்துக்கொண்டே இருந்தார். நிறமும் வளைவும் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

விண்ணப்பத்தில் எழுதும்போது மட்டும், எந்த வளைவைத் தேடுகிறீர்கள், எந்த மெருகு இன்னும் பிடிபடவில்லை என்று துல்லியமாக எழுதுங்கள். "மண்ணோடு எனக்கு ஆழமான உறவு" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். "என் பாட்டியின் மோர்ச்சட்டி விளிம்பு உள்ளே மடங்கியிருக்கும், ஊற்றும்போது ஒரு சொட்டு வெளியே வழியாது, அந்த மடிப்பை ஸ்டோன்வேரில் கொண்டுவரப் பார்க்கிறேன்" (ஸ்டோன்வேர் என்றால் அதிக வெப்பத்தில் சுட்ட கெட்டியான பாண்டம்) என்று எழுதினால் படிப்பவருக்கு உங்கள் கை தெரியும்.

நான் அய்யனார் குதிரை செய்யலாம்னு இருக்கேன். ஆனா நாங்க குயவர் குடும்பம் இல்லை. அதை "என் மரபு"ன்னு எழுதலாமா?

இதைக் கேட்ட தம்பிக்கு நான் நன்றி சொன்னேன், ஏனென்றால் நம்மில் பலர் கேட்காமலே எழுதிவிடுகிறோம். அமெரிக்காவில் நாம் எல்லோரும் வெள்ளையரல்லாதவர்கள், ஒரே கட்டத்தில் வருவோம். ஊரில் அப்படி இல்லை. அங்கே மண் ஒரு சாதியின் தொழில். அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் விழாவான புரவி எடுப்புக்குக் குதிரை செய்து சுடுபவர்கள் வேளார்கள் என்ற குயவர்கள், பல ஊர்களில் அய்யனார் கோயில் பூசாரியும் அவர்கள்தான். அந்தக் குதிரையைச் செய்ததற்காக அவர்களுக்குக் கிடைத்த கூலி எவ்வளவு, மற்ற சாதிக்காரர்கள் அவர்களை எந்தத் திண்ணையில் உட்காரவைத்தார்கள் என்பதும் அந்த மரபில் அடக்கம். அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காத குடும்பத்தில் பிறந்துவிட்டு, எட்டாயிரம் மைல் தள்ளி வந்து "என் முன்னோர் மரபு" என்று எழுதி உதவித்தொகை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

குதிரையே செய்யக் கூடாது என்று சொல்ல வரவில்லை. உள்ளதை எழுதுங்கள்: சிறுவயதில் எந்த ஊரில் பார்த்தீர்கள், யார் செய்தார்கள், அவரிடம் பேசினீர்களா, அந்தக் கால்களை உருளையாக அடித்து எப்படி நிறுத்துகிறார்கள் என்பதை யாரிடம் கற்றீர்கள். ஊருக்குப் போகும்போது நேரே போய்ப் பாருங்கள், கற்றுக்கொண்டதற்குக் காசு கொடுங்கள், அவர் சம்மதித்தால் பெயரைச் சொல்லுங்கள். வேளார் குடும்பத்திலிருந்தே வந்து இங்கே விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் அப்பாவிடம் கற்றது எந்தப் பட்டத்துக்கும் குறைந்த பயிற்சி இல்லை, வாழ்க்கைக் குறிப்பில் "கல்வி" என்ற தலைப்பின் கீழேயே அதைப் போடுங்கள்.

அங்க போயும் நான் ஒருத்திதான் பிரவுனா இருந்தா?

இருக்கலாம். மெய்னில் பத்துப் பேரில் ஒன்பது பேர் வெள்ளையர், ஹெலனாவும் ஏறக்குறைய அப்படித்தான். உதவித்தொகை என்பது ஒருவருக்குக் கிடைக்கும், கூட வருகிறவர்கள் யார் என்பது வேறு விஷயம். பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக இருப்பதற்கும், பன்னிரண்டு பேருமே அப்படி இருக்கும் அமர்வுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டையும் பார்த்தவளாகச் சொல்கிறேன். முதல் கோடையில் நான் ஒருத்தி. யாரும் மோசமாக நடக்கவில்லை, நல்ல மனிதர்கள், ஆனால் தினமும் யாராவது எதையாவது விளக்கச் சொன்னார்கள். இரண்டாவது கோடை முழுக் குழுவும் வெள்ளையரல்லாதவர்கள். நாலாம் நாள் இரவு பதினோரு மணிக்குச் சக்கரத்தில் உட்கார்ந்திருந்தபோது, இன்று யாரும் என்னை எதுவும் விளக்கச் சொல்லவில்லையே என்று சட்டென்று உறைத்தது. அந்த வாரம் செய்ததுதான் நான் இதுவரை செய்ததிலேயே நல்ல வேலை.

அதனால்தான் முதல் பதிலில் குழுவாக விண்ணப்பிக்கும் வழியைச் சொன்னேன். எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தால் நீங்களே அந்த அறையை உருவாக்கலாம். ஆட்களைத் தேட தி கலர் நெட்வொர்க் என்ற அமைப்பு இருக்கிறது, செராமிக்கில் இருக்கும் வெள்ளையரல்லாத கலைஞர்களை இணைக்கிறார்கள். போவதற்கு முன் மையத்துக்கு எழுதி "இந்த அமர்வில் வேறு யார் வருகிறார்கள், ஊழியர்களில் வெள்ளையரல்லாதவர் உண்டா, சங்கடம் வந்தால் யாரிடம் பேசுவது" என்று கேளுங்கள். நல்ல இடங்கள் இதற்கு நேராகப் பதில் சொல்லும்.

போன வருஷம் வெப்சைட்ல "பீப்பிள் ஆஃப் கலர்"னு இருந்துச்சு. இப்போ அந்த வார்த்தையையே காணோம். நிறுத்திட்டாங்களா?

நிறுத்தியிருக்கலாம், வார்த்தையை மட்டும் மாற்றியிருக்கலாம். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று ஹார்வர்ட், வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் தீர்ப்பளித்தது. அது கல்லூரிகளுக்குத்தான். ஆனால் அதைத் தொடர்ந்து, கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் நிதி கொடுத்த ஃபியர்லெஸ் ஃபண்ட் மீது வழக்குப் போட்டார்கள். விடுதலையான கறுப்பினத்தவரைக் காக்க 1866-ல் கொண்டுவந்த சட்டத்தையே அதற்குப் பயன்படுத்தினார்கள். 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிதித்திட்டத்தைத் தடுத்து நிறுத்தியது, பிறகு அந்த அமைப்பு திட்டத்தையே மூடிச் சமரசம் செய்துகொண்டது. 2025-ல் அரசின் கலை நிதியத்திலிருந்து பல அமைப்புகளுக்கு ஒப்புக்கொண்ட மானியங்களும் ரத்தாயின.

சின்ன மையங்களுக்கு வழக்கு நடத்த வசதி கிடையாது. ஆகவே "போதிய வாய்ப்புக் கிடைக்காத கலைஞர்கள்", "செராமிக் துறையில் குறைவாக இடம்பெற்ற பின்னணியினர்" என்று சொற்களை மாற்றுகிறார்கள். விண்ணப்பத்தில் "உங்கள் பின்னணி உங்கள் வேலையை எப்படி உருவாக்கியது" என்று ஒரு கேள்வி இருந்தால், அங்கே உங்கள் கதையை நீங்கள் சொல்லலாம். எனக்கு இந்த நிலைமை வருத்தமாகத்தான் இருக்கிறது. பெயர் சொல்லி அழைக்கப்படுவதில் ஒரு மரியாதை இருந்தது.

நான் மதுரையில இருக்கேன். விசா வாங்கி வர முடியுமா?

முதலில் அறிவிப்பில் வெளிநாட்டவருக்கு இடமுண்டா என்று பாருங்கள், உதவித்தொகை பலவும் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். இடமிருந்தாலும் சின்ன மையங்கள் பெரும்பாலும் விசாவுக்குப் பொறுப்பேற்பதில்லை, அழைப்புக் கடிதம் மட்டும் தருவார்கள், மிச்சம் உங்கள் பாடு. பார்வையாளர் விசாவில் வந்து சம்பளம் வாங்கவோ கூலிக்குப் பாடம் நடத்தவோ முடியாது. இங்கேயே மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர்கள், கையில் தொகை வாங்குவதற்கு முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

மதுரையிலிருந்து புதுச்சேரி பக்கம்தானே. 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள், இன்று இந்தியாவில் ஸ்டோன்வேர் செய்யும் பலரும் அங்கே கற்றவர்கள்தான், அவர்களில் பலர் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் சொந்தச் சூளை வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

ரெண்டு தடவை ரிஜெக்ட் ஆயிடுச்சு. இனிமே வேண்டாம்னு தோணுது.

எனக்கு நான்காவது தடவைதான் கிடைத்தது. ஒவ்வொரு வருடமும் தேர்வுக் குழு மாறும், சென்ற வருடம் பார்த்தவர்கள் இந்த வருடம் இருக்கமாட்டார்கள். படங்களை மாற்றுங்கள், மேலே மோர்ச்சட்டி உதாரணத்தில் சொன்ன மாதிரி எழுத்தை மாற்றுங்கள், ஒரு தடவை இரண்டு வார இடத்துக்கும் போடுங்கள். பரிந்துரை எழுதியவரிடம் இன்னொரு முறை கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

செஞ்சதை உடையாம வீட்டுக்கு எப்படி அக்கா கொண்டு வர்றது?

பெட்டிக்குள் பெட்டி. ஒவ்வொரு பொருளையும் குமிழி பிளாஸ்டிக்கில் சுற்றிச் சின்னப் பெட்டியில் அசையாமல் வையுங்கள், அதைப் பெரிய பெட்டியில் எல்லாப் பக்கமும் மூன்று விரற்கடை இடைவெளி விட்டு அடைப்பு வைத்து இறக்குங்கள். மூடிவிட்டுக் குலுக்கிப் பாருங்கள், சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள். சுடாத பச்சை மண்ணை அனுப்பவே வேண்டாம், போய்ச் சேராது. சில மையங்கள் தங்கள் சேகரிப்புக்கு ஒரு பொருளை விட்டுப்போகச் சொல்லும், எதை விடுவது என்று முன்பே முடிவு செய்யுங்கள், கடைசி நாள் அவசரத்தில் பிடித்ததையே கொடுத்துவிட்டு வருந்தியவர்கள் உண்டு. ஒரே ஒரு கிண்ணத்தை மட்டும் கைப்பையில் துணிக்கு நடுவே வைத்து எடுத்து வாருங்கள். மற்ற பெட்டிகள் வந்துசேர ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதுவரை வீட்டில் இருப்பவர்களுக்குக் காட்ட அது வேண்டும்.